சிவப்பிலேயே நின்ற கடல்

சங்குமுனைக் கடற்கரையில் ஒரு குரு இருந்தார். சீடனைவிட வயதில் இளைய பெண்.

பெயர் தஸ்னீம். கைபேசிக்கான செயலிகள் எழுதுவது தொழில். படகுச் சங்கக் கட்டடத்தின் மாடியில் ஒரு மேசை, இரண்டு கணினிகள், முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறி ஒன்று. ஆசிரமம் அவ்வளவுதான். சீடன் பெயர் அருள் கர்வாலோ. அதே ஊரில் கைபேசிக் கடை வைத்திருந்தவன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, விற்றது போதும், செய்து பார்ப்போம் என்று கடையை மூடிவிட்டு மாடிப்படி ஏறி வந்தவன்.

வயதைப் பார்த்தால் அவனை 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சீடன் என்று வந்துவிட்ட பிறகு இந்தக் கதையில் அவன் அவன்தான். அவன் தஸ்னீமை டீச்சர் என்பான். அவர் அவனை அண்ணே என்பார். இதைக் கேட்டு ஊரில் சிரிக்காதவர்கள் கிடையாது. இருவரும் அதைக் கண்டுகொண்டதும் கிடையாது.

இருவரும் சேர்ந்து படகுக்காரர்களுக்கு ஒரு செயலி செய்திருந்தார்கள். திறந்தால் ஒரே ஒரு படம் வரும். ஊருக்கு எதிரே கிடக்கும் கடலின் வரைபடம். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் போகக் கூடாது. காற்றும் அலையும் மாற மாற, சர்வர் புதிதாக வண்ணம் தீட்டிப் பழைய படத்தின் இடத்தில் புதுப் படத்தை வைத்துவிடும்.

செயலி வந்த நேரம், கடல் கெட்டுக் கிடந்தது. தினமும் சிவப்பு. சிவப்பை எடுத்துவிட்டுச் சிவப்பை வைத்தால் யாருக்கு என்ன தெரியும்? ஊர் முழுக்கக் கரையில் உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்தது. வலை தீர்ந்ததும் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டது.

பிறகு ஒரு மத்தியானம் காற்று விழுந்தது. படம் பச்சையானது.

சங்கத் தலைவர் வில்பிரட் மோத்தா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "கடல் திறந்தாச்சு, கடல் திறந்தாச்சு" என்று கத்தினார். அந்த நிமிடத்திலிருந்து கரையில் யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். ஐஸ் பெட்டி ஓடியது, டீசல் கேன் ஓடியது. சோற்றுத் தூக்கோடு பெண்கள் ஓடினார்கள். அருளும் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஓடினான். அவனுடைய படம் முதல்முறையாகப் பச்சையாகியிருக்கிறது. அதைத் தம்பியிடம் காட்ட வேண்டும்.

தம்பி ரொசாரி தன் வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

"ஏலே, ஊரே ஓடுது. நீ என்ன உக்காந்திருக்க?"

"சிவப்புலா காட்டுது."

"எங்க சிவப்பு? பச்சைலே!"

ரொசாரி தன் கைபேசியைத் திருப்பிக் காட்டினான். கடல் முழுக்க ரத்தச் சிவப்பு.

"நீ செஞ்ச படம்லா அண்ணே," என்றான். "சிவப்பாத்தான் இருக்கும்."

பக்கத்து வள்ளத்துக்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. சிறு வயதில் ஒருமுறை அருள் ஏறிய வள்ளம் கவிழ்ந்தது. நான்கு பேர் பிடித்து இழுத்துத்தான் அவனைக் கரை சேர்த்தார்கள். அதன் பிறகு அவன் கடலில் கால் வைத்ததில்லை. தம்பியையும் போக விடாமல் பார்த்தான். தம்பி போனான். அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தான், தம்பி போய்க்கொண்டே இருந்தான். அந்த வீட்டில் அதுதான் பேச்சு.

இந்தச் செயலியை அருள் எழுத உட்கார்ந்ததே ரொசாரிக்காகத்தான். தன் பேச்சைக் கேட்காதவன் ஒரு படத்தையாவது கேட்பான் என்று நினைத்தான். இப்போது படமும் போயிற்று.

அதற்குள் கரையில் இன்னொரு சத்தம் கிளம்பியது. ஒரே வள்ளத்தில் மாமனும் மருமகனும் ஆளுக்கொரு கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாமன் கையில் பச்சை, மருமகன் கையில் சிவப்பு. யார் கைபேசி பொய் சொல்கிறது என்று தொடங்கிய பேச்சு, கல்யாணத்தில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்கிற இடத்துக்கு வந்துவிட்டிருந்தது.

மோத்தா வந்தார்.

"அருளு, சாயங்காலம் வள்ளம் இறங்கணும். அதுக்குள்ள எல்லார் போன்லயும் ஒரே நிறம் வரணும். இல்லன்னா உன் ஆப்பைத் தூக்கிப் போட்டுட்டுப் பழையபடி கம்பத்துல கொடியை ஏத்திருவேன். இன்னிக்குப் பச்சையைச் சிவப்புன்னு காட்டுது, சரி, ஒருநாள் மீனு போகும். நாளைக்குச் சிவப்பைப் பச்சைன்னு காட்டுச்சுன்னா?"

அருள் திரும்பி மாடிக்கு ஓடினான்.

தஸ்னீம் புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ரொசாரி போன் கெட்டுப் போச்சு. பழைய போன்."

"மோத்தா ஐயா போன்?"

"அது அதைவிடப் பழசு."

"அதுல என்ன நிறம்?"

அருள் யோசித்தான். "பச்சை."

"அப்ப டவரா?"

"ரெண்டு பேரும் ஒரே டவர்தான் டீச்சர்."

"அப்ப யாரு போன்ல பச்சை, யாரு போன்ல சிவப்பு? கேட்டுட்டு வாங்கண்ணே. நீங்களா ஒரு பதிலை முடிவு பண்ணிட்டுப் போகாதீங்க, கேள்வியை மட்டும் கேட்டுட்டு வாங்க."

அருள் மறுபடியும் படி இறங்கினான். வள்ளம் வள்ளமாக ஏறி இறங்கினான். முதலில் நிறத்தை மட்டும் கேட்டான். பிறகு போன் எந்த ஊரில் வாங்கியது என்று கேட்டான், பயனில்லை. மாமனிடமும் மருமகனிடமும் வந்தபோது, "இந்த ஆப்பை எப்பப் போட்டீங்க?" என்று கேட்டான்.

"கடல் திறந்தாச்சுன்னு மைக்ல சொன்னதும் போட்டேன்," என்றார் மாமன்.

"நான் ஆப் வந்த அன்னிக்கே போட்டேன்," என்றான் மருமகன் பெருமையாக. "நம்ம அருளண்ணன் செஞ்சதுல்லா."

அருள் அங்கேயே ஒரு கத்துக் கத்தினான். மருமகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். சண்டை நின்றுபோனது, காரணம்தான் யாருக்கும் விளங்கவில்லை.

மாடிக்கு வந்தபோது மூச்சு வாங்கியது.

"டீச்சர்! இன்னிக்குப் போட்டவங்க எல்லாருக்கும் பச்சை. மோத்தா ஐயாவும் இன்னிக்குத்தான் போட்டிருக்கார். முன்னாடியே போட்டவங்க எல்லாருக்கும் சிவப்பு. கேஷ், டீச்சர், கேஷ்!"

ஒருமுறை இறக்கிய படத்தைக் கைபேசி தன்னிடமே எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்தமுறை கேட்டால் படத்துக்காகச் சர்வர்வரை போகாமல் கையில் இருப்பதைக் காட்டிவிடும். நேரம் மிச்சம், டேட்டாவும் மிச்சம். அந்த இடத்துக்குத்தான் கேஷ் என்று பெயர். முன்பே செயலியைப் போட்டவர்களின் கைபேசி, பழைய சிவப்பை எடுத்து வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருந்தது.

"கரெக்ட்," என்றார் தஸ்னீம். அவர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன செய்யப் போறீங்க?"

பதில் சொல்ல அருள் அங்கே இல்லை. மூன்றாம் முறையாகப் படி இறங்கிக்கொண்டிருந்தான். கண்ணில் பட்ட கைபேசியையெல்லாம் பிடுங்கினான். செட்டிங்குக்குள் போய் எடுத்து வைத்திருந்த படத்தை அழித்தான், செயலியைத் திறந்தான், பச்சை வந்தது. அடுத்த ஆள். அடுத்த வள்ளம். ஒவ்வொரு பச்சைக்கும் கரையில் ஒரு கூச்சல். ரொசாரியின் கைபேசியும் பச்சையானது.

"பாத்தியாலே?"

"பாத்தேன்," என்றான் ரொசாரி. எழுந்திருக்கவில்லை.

அருள் வேர்த்து வழிந்துகொண்டு மேலே வந்தான். "முடிஞ்சுது டீச்சர். எல்லாம் பச்சை."

"நல்லதுண்ணே. அடுத்த தடவை நிறம் மாறினா?"

அருள் நாற்காலியில் உட்கார்ந்தான். அடுத்த தடவையும் இதே வள்ளங்களில் இதே கைபேசிகளைப் பிடுங்க வேண்டும். அதற்கடுத்த தடவையும். வள்ளங்கள் கடலுக்குள் இருக்கும்போது நிறம் மாறினால் நீந்தித்தான் போக வேண்டும், அதற்கும் அவன் சரிப்பட மாட்டான்.

உட்கார்ந்தவன் எழுந்து கணினிக்குப் போனான். விரல்கள் பறந்தன. படத்தை எடுத்து வைத்துக்கொள்ளாதே, திறக்கும்போதெல்லாம் சர்வரிடம் புதிதாகக் கேள் என்று செயலியை மாற்றினான். தன் கைபேசியில் போட்டுப் பார்த்தான். சர்வரில் படத்தை வேண்டுமென்றே நீலமாக்கினான், கைபேசியில் நீலம் வந்தது. மஞ்சளாக்கினான், மஞ்சள் வந்தது. திரும்பப் பச்சையாக்கினான், பச்சை வந்தது. நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினான்.

"டீச்சர், போனை மறக்க வெச்சுட்டேன்! இனிமே அதுக்குப் பழசுன்னு ஒண்ணே கிடையாது."

"அருமை," என்றார் தஸ்னீம். மிட்டாய்த் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். "வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

"எங்க?"

"கடலுக்கு."

அருளின் முகத்தில் சந்தோஷம் அப்படியே நின்றுபோனது.

"டீச்சர், எனக்கு..."

"தெரியும்ண்ணே. எனக்கும் வாந்தி வரும்."

ரொசாரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கையிலிருந்த கடலையைக் கீழே போட்டான். அண்ணன் வள்ளத்தில் ஏறுகிறான்! அந்தச் செய்தி கரையில் கடல் திறந்த செய்தியைவிட வேகமாகப் பரவியது. ஏற்றி விடுவதற்கு ஆறேழு பேர் வந்தார்கள். மோத்தா ஒலிபெருக்கியில் ஏதோ சொல்லப் போனார், தஸ்னீம் பார்த்த பார்வையில் அதைக் கீழே வைத்துவிட்டார்.

வள்ளம் கிளம்பியது. அருள் குறுக்குப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பாதி உயிர் போயிருந்தது, ஆனால் உள்ளே என்னவோ துள்ளியது. தண்ணீர் முகத்தில் அடித்தபோது பயமா சந்தோஷமா என்று அவனுக்கே தெரியாமல் கத்தினான். ரொசாரி இயந்திரத்தருகே நின்று சிரித்துக்கொண்டே இருந்தான். அலைத்தடுப்புக் கற்களைத் தாண்டினார்கள். அங்கிருந்து சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

"இப்பத் திறங்கண்ணே," என்றார் தஸ்னீம். அவர் முகம் வெளுத்திருந்தது.

அருள் ஒரு கையை மட்டும் விடுவித்துச் செயலியைத் திறந்தான். வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் போய் வெறும் வெள்ளைக் கட்டம் நின்றது.

ரொசாரி எட்டிப் பார்த்தான்.

"வெள்ளைன்னா என்ன அர்த்தம் அண்ணே? போகலாமா, கூடாதா?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். அதுதான் அருளைச் சுட்டது.

"டீச்சர், எடுத்து வெச்சுக்கிட்டா பழசைக் காட்டுது. வெச்சுக்கலைன்னா நடுக்கடல்ல வெள்ளையைக் காட்டுது. ஞாபகம் இருந்தாலும் தப்பு, மறந்தாலும் தப்பு. நான் என்னதான் செய்ய?"

தஸ்னீம் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். திறக்காமலே கேட்டார்.

"சர்வர்ல அந்தப் படத்துக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?"

"இன்று."

"நீங்க வெச்ச பேரா?"

"ஆமா டீச்சர். யாருக்கும் குழப்பம் வரக் கூடாதுன்னுதான்."

"நேத்து வந்த படத்துக்கு?"

"அதுக்கும்..."

அருள் நிறுத்தினான். தம்பியைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான், கைபேசியைப் பார்த்தான். பிறகு பிடித்திருந்த பலகையை விட்டுவிட்டு, ஓடுகிற வள்ளத்தில் நேராக எழுந்து நின்றான்.

"நேத்து வந்ததுக்கும் இன்று! முந்தாநாள் வந்ததுக்கும் இன்று! எல்லாத்துக்கும் ஒரே பேரு!"

"அண்ணே, உக்காரு!"

"போன் மேல தப்பே இல்லைலே! இன்று-ங்கிற படம் வேணும்னு நாம கேட்டோம். அது என்கிட்டயே இருக்கேன்னு எடுத்துக் குடுத்துச்சு. வேற என்ன செய்யும் அது? புதுசு வந்திருக்குன்னு அதுக்கு யாரு சொன்னா? நான் சொல்லலையே!"

"விழுந்துருவ அண்ணே, உக்காருன்னா!"

"திருப்புலே! கரைக்குத் திருப்பு!"

ரொசாரி திருப்பினான். தஸ்னீம் கடலுக்குள் வாந்தி எடுத்தார். எடுத்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கரையேறியதும் அருள் செய்தது சின்ன வேலை. ஒவ்வொரு படத்துக்கும் அது வரைந்த நாளையும் நேரத்தையும் சேர்த்துத் தனிப்பெயர் கொடுக்கும்படி சர்வரை மாற்றினான். சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் செயலி முதலில் சர்வரிடம் இப்போதைய படம் எது என்று கேட்கும். அந்த வழி முன்பே இருந்தது. சர்வர்தான் இதுவரை எப்போது கேட்டாலும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. இனி புதுப் பெயர் வந்தால் கைபேசி போய்ப் புதுப் படத்தை எடுத்து வரும். தன்னிடம் உள்ள பெயரே வந்தால் உள்ளதைக் காட்டும். சிக்னலே இல்லாவிட்டால் கடைசியாக வந்த படம் நிற்கும், எந்த நேரத்துப் படம் என்பதைச் சர்வரே அதன் அடியில் எழுதி அனுப்பியிருக்கும்.

மறக்க வைத்த செயலியைத் தன் கைபேசியிலிருந்து எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டான். "மத்தவங்க போன்ல?" என்று கேட்க வாயெடுத்தவன், தானே சிரித்துக்கொண்டான். அவற்றில் கை வைக்க வேண்டிய வேலையே இல்லை. ஜன்னலுக்கு ஓடி வெளியே தலையை நீட்டினான்.

"எல்லாரும் திறந்து பாருங்க!"

கரை முழுக்கக் கைபேசிகள் திறந்தன. பச்சை, பச்சை, பச்சை. அருள் அழிக்காமல் விட்டுப்போயிருந்த இரண்டு மூன்று கைபேசிகள்கூட யாரும் தொடாமலே பச்சையாயின. மாமனும் மருமகனும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மோத்தா ஒலிபெருக்கியில், "இறங்குங்கப்பா" என்றார். சங்குமுனை வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கின.

முதலில் போனது ரொசாரி. தெற்கே தென்பார் என்கிற இடத்தில் மீன் கூடும். எல்லோரும் அங்கேதான் போனார்கள்.

வெயில் சாய்ந்தபோது அருளும் தஸ்னீமும் அலைத்தடுப்பின் முனையில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வள்ளங்கள் சிறுசிறு புள்ளிகளாகத் தெரிந்தன. அருளின் கைபேசி துடித்தது. எடுத்துப் பார்த்தான்.

வரைபடத்தின் வடக்குப் பாதி பச்சை. தெற்குப் பாதி முழுக்கச் சிவப்பு. தென்பார் பக்கம் திடீரென்று காற்று எழுந்திருக்கிறது.

தேநீர்க் கோப்பை கீழே விழுந்தது. தம்பியை அழைத்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல். திரும்ப அழைத்தான். அதே குரல். மோத்தாவின் ஒலிபெருக்கி இவ்வளவு தூரம் எட்டாது.

"சிக்னல் விட்டு விட்டு வரும்ண்ணே," என்றார் தஸ்னீம். "ஒரு நொடி வந்தாப் போதும். சின்னப் படம்தான்."

"வந்தாலும் அவன் பாக்கணுமே டீச்சர். பாத்தாலும் கேக்கணுமே. நான் செஞ்ச படம்லா!"

இருவரும் புள்ளிகளையே பார்த்தார்கள். புள்ளிகள் தெற்கே போயின. இன்னும் தெற்கே போயின.

பிறகு முன்னால் போன புள்ளி நின்றது.

அருள் டீச்சரின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டதுகூட அவனுக்குத் தெரியவில்லை. நின்ற புள்ளி மெல்ல வளைந்தது. வளைந்து வடக்கே தலை திருப்பியது. பின்னால் வந்தது திரும்பியது. அதற்குப் பின்னால் வந்தது. மாமன் மருமகன் வள்ளமும்தான். சங்குமுனை வள்ளங்கள் அத்தனையும் கடலில் ஒரு பெரிய வளைவு போட்டு வடக்கே திரும்பின.

அருள் கற்களின் மேல் குதித்தான். பின்னால் கரையில் நின்ற பெண்கள் என்னவென்று தெரியாமலே சேர்ந்து கத்தினார்கள். கைபேசி அடித்தது. இரைச்சலுக்கு நடுவே தம்பியின் குரல்.

"அண்ணே, தெக்க சிவப்பாயிருச்சு. பாத்தேன். வடக்க போறோம். பயப்படாத."

தொடர்பு அறுந்தது.

அருளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்.

"திரும்பிட்டான் டீச்சர். நான் சொல்லி முதல் தடவையாக் கேட்டுட்டான். எத்தனை வருசமாச் சொல்லியிருப்பேன்! ஒரு நாளாவது காதுல வாங்கினானா? இன்னிக்கு எப்படிக் கேட்டான்?"

தஸ்னீம் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார்.

"அத்தனை வருசமும் என்ன சொன்னீங்கண்ணே?"

"கடலுக்குப் போகாதலேன்னு."

"காத்தடிக்கிற நாள்ல?"

"போகாதலேன்னு."

"கடல் குளம் மாதிரிக் கிடக்கிற நாள்ல?"

அருள் வடக்கே போய்க்கொண்டிருந்த வள்ளங்களைப் பார்த்தான். "அன்னிக்கும் அதேதான். எல்லா நாளுக்கும் ஒரே பேரு, டீச்சர்," என்றான்.